பளிச்சொளி விளக்கு: பெயரும் தொடரிணைப்பும்

'சீரீஸ்' முறையில் இணைத்த 'ஃபிளாஷ்' விளக்குகளைத் தமிழில் எப்படிச் சொல்வது? கேமராவில் கண்ணைக் கூசவைத்து மறைகிறதே, அதுதான் ஃபிளாஷ் விளக்கு. செனான் வாயு அடைத்த குழாய். மின்தேக்கியில் சேர்ந்த ஆற்றல் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இதன் வழியே பாய்ந்துவிடும். 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கியதும் மாணிக்கக் கோலைச் சுற்றிய இத்தகைய சுருள் குழாயின் ஒளியால்தான்.

'ஃபிளாஷ்' இடைக்கால ஆங்கிலத்தில் நீர் தெறிப்பதைக் குறித்த சொல். ஒளியைக் குறிக்கும் பொருள் அதற்குப் பிறகுதான் வந்தது. நம்முடைய 'தெறி'யும் நீருக்கும் தீப்பொறிக்கும் பொது. அதனால் 'ஒளித்தெறிப்பு' மிகப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அது நாம் எதிரொளிப்பு என்பதைக் குறிக்கிறது. 'மின்னொளி' என்றாலோ இரவுக் கபடிப் போட்டிதான் நினைவுக்கு வரும். எனவே 'பளிச்சொளி விளக்கு' என்பதே என் பரிந்துரை.

குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் இணைப்பதை ஆங்கிலத்தில் 'சீரீஸ்' என்பார்கள். அது இலத்தீனில் கோத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. 'தொடர்' அதற்குச் சளைத்ததல்ல. புறநானூறு 74இல் வரும் 'தொடர்ப்படு ஞமலி' சங்கிலியில் கட்டிய நாய். தொடர் என்றால் சங்கிலி.

ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகளைச் சேர்த்து இயக்க அந்தச் சங்கிலி, அதாவது தொடரிணைப்பு, அவசியம். மின்னோட்டம் கூடக்கூடக் குழாயின் மின்தடை குறையும். ஒவ்வொரு குழாய்க்கும் தனிப் பாதை தரும் பக்க இணைப்பில் முதலில் பற்றிய குழாயே மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். மற்றது பற்றாமலே போகலாம். தொடரிணைப்பில் எல்லாக் குழாய்களுக்கும் ஒரே மின்னோட்டம்.

வடிவமைப்பில் ஓம் விதியை அப்படியே போட முடியாது. குழாயின் மின்னழுத்தம் மின்னோட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்த விகித மாறிலி, 450 டார் அழுத்தமுள்ள செனானுக்கு, நீளத்தை உள்விட்டத்தால் வகுத்து 1.28ஆல் பெருக்கினால் கிடைக்கும். 100 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் உள்விட்டம் என்றால் 25.6. தொடரில் மாறிலிகள் கூடும். அப்படி இரண்டு குழாய்களுக்கு 51.2. ஒவ்வொரு குழாய்க்கும் பழைய ஆற்றலும் பழைய துடிப்பு நேரமும் வேண்டுமென்றால், மின்தேக்குத்திறனைப் பாதியாக்கி, மின்னோட்டம் ஏறும் வேகத்தை அடக்கும் கம்பிச்சுருளான மின்தூண்டியின் மதிப்பையும் மின்னழுத்தத்தையும் இரட்டிப்பாக்க வேண்டும்.

இரட்டித்த மின்னழுத்தம் உயிருக்கு ஆபத்தானது. மின்காப்பில் சிக்கனம் கூடாது. குழாய்களைப் பற்றவைக்கும் தூண்டல் துடிப்பும் எல்லாக் குழாய்களிலும் வாயுவை அயனியாக்கும் அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திலுள்ள மாபெரும் லேசரில் 7,680 பளிச்சொளி விளக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம். அவற்றையும் இரண்டிரண்டாகத் தொடரில்தான் இணைத்திருக்கிறார்கள்.