குறைந்த கிலோமீட்டரே ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கியதும் எதை முதலில் சரிசெய்வது?

போன மாதம் ஒருவர் தன் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கூரை மடங்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். வயது 14, மீட்டரில் 19,000 கிலோமீட்டர்தான். வாங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. சைலன்சரை மாற்றி நல்ல சத்தம் வரவைக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன வேலை. கிளம்பும்போது, "பிரேக் கொஞ்சம் மெத்துன்னு இருக்கு, அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க" என்றார்.

சைலன்சரை நான் தொடவில்லை. டயரைத்தான் முதலில் பார்த்தேன். பட்டன், அதாவது தரையைத் தொடும் பக்கத்தின் பள்ளங்கள், நன்றாக ஆழமாக இருந்தது, ஆனால் பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்புகள். அங்கே டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள், டயர் எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் தயாரானது என்பதைச் சொல்லும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்தக் காரில் நான்குமே காரோடு பிறந்த டயர்கள். இத்தனை வருஷத்தில் ரப்பர் இறுகிப்போய்விடும். ஈரச் சாலையில் வளைவில் திரும்பும்போது பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் பிடிமானம் இருக்காது. ஆறு வருஷம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருஷம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்பது பல தயாரிப்பாளர்களின் அறிவுரை. வேகமாகப் போகக்கூடிய காருக்கு நான் அந்த ஆறையே எல்லையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

குறைவாக ஓடிய கார் என்றாலே பலருக்கு மகிழ்ச்சி. தினமும் ஓடும் காரில் ஒவ்வொரு கோளாறாகத் தலைகாட்டும், ஒவ்வொன்றாகச் சரிசெய்தும் இருப்பார்கள். ஷெட்டில் போர்வைக்குள் நின்ற காரில் எல்லாம் சேர்ந்து காத்திருக்கும். ரப்பர், ஆயில், பேட்டரி இவையெல்லாம் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் வயதாவதில்லை. டைமிங் பெல்ட் (இன்ஜினின் உள்பாகங்களை ஒத்திசைவாகச் சுழற்றும் பட்டை) உள்ள இன்ஜின் என்றால் அதற்கும் வருஷக் கணக்கு உண்டு. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த மெத்தென்ற பிரேக்குக்கு வருவோம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். பிரேக் ஆயில் வகைகளில் ஒன்றான டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அதே விதி கேட்பது 155 டிகிரிதான். மலைச் சாலையில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூடு கேலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) வழியாக ஆயிலுக்குப் போகும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. அதுவரை எந்த எச்சரிக்கை விளக்கும் எரிந்திருக்காது. இதனால்தான் வாங்கிய முதல் வாரத்திலேயே பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறேன். அதன்பின் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை.

மாற்றும்போது பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, டாட் 4 உள்ள காரில் அதைக் கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரில்தான் அதற்கு நெருக்கம், வகையில் அது டாட் 4இன் உறவு. ஆயில் மாற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகும் பெடல் மெத்தென்றே இருந்தால் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். பழைய ஹோஸ், மிதிக்கும்போது பலூன் போல லேசாக உப்பும். ஒரு பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடர் பின் இறுகியிருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தக் காரில் ஆயில் கருத்துப்போயிருந்தது. முன்பக்க ஹோஸ் இரண்டிலும் வெடிப்பு விட்டிருந்தது. இரண்டு வேலையும் முடிந்ததும் பெடல் கல்லுப்போல் நின்றது.

அடுத்து அதிகம் பேர் பதறுவது டேஷ்போர்டு விளக்குகளுக்கு. ஒரே நேரத்தில் நான்கைந்து விளக்கு எரிந்தால் நான் முதலில் மல்டிமீட்டரைத்தான் எடுப்பேன். ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்பாட்டுக்குப் புகார் சொல்லும். பேட்டரியைச் சரிசெய்துவிட்டு அப்புறம் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுங்கள். ஸ்கேனரில் இன்னொன்றையும் பாருங்கள். 'ரெடினஸ்' என்ற பகுதியில் பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டினால், பேட்டரியைச் சமீபத்தில் கழற்றியிருக்கலாம், இல்லை விற்பதற்குக் கொஞ்சம் முன்னால் கோடுகளை (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடுகளை) அழித்திருக்கலாம்.

பி0301 என்று கோடு வந்தால் முதல் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். உடனே ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் எல்லாவற்றையும் வாங்கிப் போடாதீர்கள். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள இன்ஜின் என்றால், இன்ஜின் ஆறியபின் முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை முதலிலும் மாற்றி மாட்டி, கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் நின்றால் அடுத்து ஸ்பார்க் பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தாமதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையே சூடாக்கிக் கெடுத்துவிடும்.

கூரை மடங்கும் காரில் கால்வைக்கும் இடம் ஈரமாக இருந்தால் பலர் கூரைத் துணியைச் சந்தேகப்படுவார்கள். நான் பார்த்தவரை அதிகமும் அடைத்துக்கொண்ட வடிகால் துளைகள்தான். மாஸ்டா எம்எக்ஸ்-5இல் இந்தத் துளைகள் இலைச் சருகால் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டத்துக்குள் தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். போர்ஷே பாக்ஸ்டரின் பழைய மாடல்களில் இருக்கைக்கு அடியில் இருக்கும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பெட்டி நனைந்து கார் ஸ்டார்ட் ஆகாமலே போகும். மெல்லிய நைலான் கயிற்றை நுழைத்துப் பொறுமையாகச் சுத்தம் செய்யுங்கள். காற்றை வேகமாக அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும். பாக்ஸ்டர், 911 போன்றவற்றில் ரேடியேட்டர் முன்பம்பரின் ஓரங்களில் இருப்பதால் அங்கும் சருகு சேரும். பம்பரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்கள் தனிக்கதை. அலாரத்துக்கும் ஸ்டீரியோவுக்கும் வெட்டி முறுக்கி டேப் சுற்றிய வயர்கள், தாழ்த்திப் போட்ட ஸ்பிரிங், அதன்பின் சக்கரங்களின் கோணத்தை, அதாவது அலைன்மென்ட் பார்க்காததால் உள்விளிம்பு மட்டும் தேய்ந்த டயர். காரணம் பிடிபடாத கோளாறு என்றால் முதலில் அந்த இடத்தைக் கம்பெனி அமைப்புக்குத் திருப்பிவிட்டு, பிறகு தேடுவேன்.

இன்னொன்று, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் நம்பரைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, பாக்கி இருக்கும் ரீகால் (குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே அழைத்து மாற்றித் தருவது) உண்டா என்று கேளுங்கள். டகாட்டா என்ற நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளுக்கான ரீகால் பல கம்பெனிக் கார்களைத் தொட்டது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8உம் அதில் உண்டு. வருஷக்கணக்கில் சூடும் ஈரமும் பட்ட அந்த இன்ஃப்ளேட்டர்கள் (ஏர்பேக்கை ஊதும் பாகங்கள்) ஏர்பேக் விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறவிடக்கூடும். ஏர்பேக் விளக்கு எரிகிறதென்று நீங்களே ஸ்டீயரிங்கைப் பிரிக்க வேண்டாம்.

வீட்டிலேயே ஸ்பேனர் பிடிப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். கெட்டியான சமதரையில் ஸ்டாண்ட் வைத்து, காரை லேசாக உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே விட வேண்டும். தாழ்வான கார்களில் சாதாரண ஜாக்கி நுழையாது என்று கிடைத்த இடத்தில் முட்டுக்கொடுப்பார்கள். கையேட்டில் காட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் தூக்கினால் சட்டம் நெளியும், கார் வழுக்கவும் செய்யும்.

கீறல், ஸ்டீரியோ, சைலன்சர் எல்லாம் இதற்குப் பின்னால் வரலாம். அந்த 14 வயதுக் காருக்கு நான்கு டயர் மாற்றி அனுப்பினேன், சைலன்சர் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. சக்கரம் கழற்றி மாட்டியிருப்பதால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வரச்சொன்னேன். நட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.