ஐ.க்யூ. ரிப்போர்ட்டில் எண்ணுக்குக் கீழே இருப்பதையும் படியுங்கள்

"இவன் வாய் ஓயாமல் பேசுவான் மேடம், செம ஷார்ப்" என்பார் ஒரு அப்பா. "இவள் வாயே திறக்க மாட்டாள், மந்தமோன்னு பயமா இருக்கு" என்பார் ஒரு அம்மா. குழந்தைகளுக்கு அறிவுத்திறன் (ஐ.க்யூ.) சோதனை செய்யும் எங்களுக்கு இரண்டும் பழகிய பேச்சுதான். இரண்டு பேருமே சுபாவத்தை வைத்து மூளையை எடை போடுகிறார்கள்.

கலகலப்பான சுபாவத்துக்கும் அறிவுத்திறனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே இல்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி 2022இல் வெளிவந்த தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, இதைத்தான் காட்டியது. ஓரளவு சேர்ந்து வரும் பண்பு புதியதைத் தேடும் ஆர்வம், அதுவும் 0.20 அளவுக்குத்தான் (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1). ஒருவருடைய ஆர்வத்தை வைத்து அவருடைய அறிவைக் கணிக்க அது போதவே போதாது. பதற்ற சுபாவத்துக்கும் அறிவுத்திறனுக்கும் லேசான எதிர்த்தொடர்பு உண்டு, அதாவது ஒன்று கூடினால் மற்றது சற்றுக் குறைவாக இருக்கும்; அளவு சுமார் -0.09.

சிறிய எண்தான். ஆனால் சோதனை மேசையில் அது பெரிதாகத் தெரியும். கலர் கட்டைகளை அட்டையில் உள்ள படம் போல அடுக்க வேண்டும், என் கையில் ஸ்டாப்வாட்ச். பயந்த பிள்ளையின் கண் கட்டையில் நிற்காது, என் கைக்கே வரும். சரியாக அடுக்கியிருப்பாள்; "தப்பா மேடம்?" என்று தானே கலைத்துவிடுவாள். நேரம் முடிந்துவிடும். விதிப்படி அந்தக் கேள்விக்கு மார்க் இல்லை. அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் மொத்த எண்ணில் அது ஏறாது. சோதனையின்போது பிள்ளை எப்படி நடந்துகொண்டது என்று ரிப்போர்ட்டில் எழுதும் நடத்தைக் குறிப்பில்தான் அதை எழுத முடியும்.

அப்புறம் பரீட்சை மார்க். நோட்டை ஒழுங்காக எழுதி, வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போடாமல் முடிக்கும் பிள்ளை 95 வாங்கும். சோதனையில் 100ஐ ஒட்டி, அதாவது சராசரியில் நிற்கும். பெற்றோர் முகம் வாடிவிடும். வாட வேண்டியதே இல்லை! பொறுப்புணர்வு ஐ.க்யூ.வைக் கூட்டுவதில்லை, மார்க்கைக் கூட்டுகிறது. நான் கேட்டால் அந்தப் பிள்ளையைக் கொண்டாடத்தான் சொல்வேன்.

சோதனைக்கு முன்னால் வீட்டில் பயிற்சி கொடுக்காதீர்கள், "பரீட்சை" என்று மிரட்டாதீர்கள். காய்ச்சலோ தூக்கக் குறைவோ இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் நடத்தைக் குறிப்பு இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் 'பதற்றம்' என்று இருந்தால், அந்த எண்ணை நம்பிப் பள்ளியை மாற்றும் முன் சோதித்தவரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள்.