மைக் வாங்கும் முன் கடைப் போனைக் கேளுங்கள்

"சார், ரெண்டு சோபா, நடுவுல ஒரு டீப்பாய், பெரிய மைக் ரெண்டு. எவ்வளவு ஆகும்?"

கிருஷ்ணகிரியில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் எனக்கு மாதம் ஒரு முறையாவது இப்படிப் போன் வருகிறது. ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி வைத்திருப்பவர், பர்கூரில் ஜவுளிக் கடைக்காரர், காரிமங்கலம் பக்கம் விவசாயச் சாமான் விற்பவர் என்று யாராவது பேசுவார்கள். பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் போடும் ஒலி நிகழ்ச்சி, என்றதும் எல்லோர் கண்ணிலும் யூடியூபில் பார்த்த அந்தச் சோபாதான் நிற்கிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க கடைப் போனை யார் எடுப்பாங்க? ஜனங்க அவர்கிட்ட தினமும் என்ன கேக்கறாங்க?"

முதலாளிகள் பலருக்கு இதற்குப் பதில் தெரிவதில்லை. பதில் தெரியாமல் சோபா வாங்கினால் சோபாதான் மிஞ்சும்.

பாட்காஸ்ட் என்ற சொல்லுக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரே வயது. தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானது 2004 பிப்ரவரி 9. அதே வாரம் 12-ஆம் தேதி லண்டன் கார்டியன் பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். இணையத்தில் ஒலிப்பதிவுகளைப் போடும் புதுப் பழக்கத்துக்கு என்ன பேர் வைக்கலாம் என்று போகிற போக்கில் மூன்று பெயர்களை அடுக்கினார். அதில் ஒன்றுதான் இது. அப்போது அதில் சோபாவும் இல்லை, கேமராவும் இல்லை. ஓர் ஒலிக் கோப்பு, அது வந்திருக்கிறது என்று கேட்பவரின் கருவிக்குச் சொல்லும் ஒரு ஃபீட், அவ்வளவுதான். இன்றும் அடிப்படை அதுதான். ஓர் இடத்தில் ஏற்றினால் ஃபீட் வழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் என்று எல்லாச் செயலிக்கும் போய்ச் சேரும். கேட்பவர் வண்டி ஓட்டிக்கொண்டோ மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டோ கேட்கலாம். வீடியோவால் முடியாத காரியம் அது. அதனால்தான் கேமராவை விடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு வேலை செய்ததைச் சொல்கிறேன். முதலாளி கம்பெனி வரலாறு பேச ஆசைப்பட்டார். ஒரு வாரம் போகட்டும் என்று சொல்லி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்தோம். போனில் வரும் கேள்வியை, கேட்டவர் எப்படிக் கேட்டாரோ அதே வார்த்தையில் எழுத வேண்டும். வாரக் கடைசியில் பார்த்தால் ஒரே கேள்விதான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது: "கடைசிச் செடிக்குத் தண்ணி போவல, என்னாண்ணா பண்றது?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் முதலாளி இல்லை, கடை மெக்கானிக். வருடக்கணக்காகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றியவர். ஆனால் மைக்கை முன்னால் வைத்ததும், "அனைவருக்கும் வணக்கம், நீரின்றி அமையாது உலகு" என்று பள்ளிக்கூட ஆண்டு விழாக் குரலில் ஆரம்பித்துவிட்டார். மூன்று முறை எடுத்தும் அதே குரல்தான். அப்புறம் மைக்கைக் கழற்றி அவர் சட்டைப் பொத்தானில் மாட்டிவிட்டு, பாலக்கோடு போகும் வழியில் ஒரு தக்காளித் தோட்டத்துக்கு அவரோடு நானும் போய்விட்டேன். ஃபில்டர் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று இறங்கியது. "இத பாருங்க" என்று வலையைத் தட்டிக் காட்டினார். தட்டிய சத்தம் பதிவில் அப்படியே இருக்கிறது. அதன் மேலேயே பேசிக்கொண்டு போனார்:

"உள்ள போற பக்கம் பிரஷர் மீட்டர் ஒண்ணு, வெளிய வர்ற பக்கம் ஒண்ணு இருக்குதுல்ல? ரெண்டுக்கும் அரை கிலோவுக்கு மேல வித்தியாசம் வந்தா ஃபில்டர் அடைச்சிருக்குன்னு அர்த்தம். எனக்குப் போன் பண்றதுக்கு முன்ன இதக் கழுவுங்க. அப்பறம் டியூப் கடைசி முனை மூடியக் கழட்டி அழுக்குத் தண்ணி போறவரைக்கும் விடுங்க. அதுக்கும் சரியாவலன்னா உப்பு. நம்ம போர் தண்ணிதான் தெரியுமே. ஆசிட் விடணும். ஆசிடத் தண்ணியில ஊத்தணும். தண்ணிய ஆசிட்ல ஊத்தினீங்க, மூஞ்சிக்கு அடிக்கும்."

மொத்தம் ஏழு நிமிடம். நடுவில் ஒரு காக்கை கத்தும், பம்பு ஓடும். நான் எதையும் வெட்டவில்லை. கடையின் பேர் அதில் இரண்டு முறைதான் வருகிறது.

1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாகவே பரவியது. சனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வேலைக்கு ஆகும் விஷயத்தைச் சொல்லும் குரலின் பேரில் வரும் நம்பிக்கை அது. விளம்பரத்தால் அதை வாங்க முடியாது.

எங்கள் பக்கத்து விவசாயிகள் பாட்காஸ்ட் செயலி வைத்திருப்பது அபூர்வம். அதனால் அதே பதிவை வாட்ஸாப்பிலும் அனுப்புகிறோம். ஒற்றை ஒலித்தடத்தில் (மோனோ), நொடிக்கு 64 கிலோபிட் (கே.பி.பி.எஸ்.) அளவில் வைத்தால் பத்து நிமிடம் 5 எம்.பி.க்குள் அடங்கிவிடும், பேச்சுக்கு அது தாராளம். ஒரு எச்சரிக்கை: மானியம், விலை போன்றவற்றைப் பேசினால் பதிவின் தொடக்கத்திலேயே தேதி சொல்லிவிடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம் என்பது எல்லோருக்கும் தெரியும். என்னென்ன சான்று, எந்த விண்ணப்பம் என்பது மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடம் முந்தைய பதிவைக் கேட்டுவிட்டுச் சிட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் திட்டுவது கடையைத்தான்.

ஊழியர்களுக்கான பாட்காஸ்டில் நான் நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். ஓசூரில் ஒரு கம்பெனி. நிர்வாக இயக்குநர் 22 நிமிடம் தொலைநோக்கு பேசினார், நானும் பின்னணி இசை எல்லாம் போட்டு மெருகேற்றிக் கொடுத்தேன். கேட்ட நேரத்தைக் காட்டும் வரைபடம் மூன்றாவது நிமிடத்தில் கிணற்றில் விழுந்தது போல விழுந்தது. அவரிடம் அதைக் காட்டவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

பிறகு கம்பெனிப் பேருந்தில் ஒரு நாள் கிருஷ்ணகிரியிலிருந்து ஏறிப் போய்ப் பார்த்தேன். ஐம்பது கிலோமீட்டர், போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் காதில் இயர்போன். பக்கத்தில் இருந்த பையன் செல்லில் பி.எஃப். கணக்கைக் காட்டி, "அண்ணா, என் பங்கு இவ்வளவு இருக்கு, கம்பெனி பங்கு கம்மியா இருக்கு. அமுக்கிட்டாங்களா?" என்றான்.

அமுக்கவில்லை. ஊழியர் 12 சதவீதம், கம்பெனியும் 12 சதவீதம் கட்டுகிறது. ஆனால் கம்பெனி கட்டும் அந்த 12-இல் 8.33 பென்ஷன் கணக்குக்குப் போய்விடுகிறது, அதனால் பாஸ்புக்கில் கம்பெனி பக்கம் குறைந்து தெரிகிறது. இதை மனிதவளத் துறை நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்ததாம், ஆங்கிலத்தில். அடுத்த பதிவில் சம்பளக் கணக்குப் பார்க்கும் அம்மாவையும் அந்தப் பையனையும் எதிரெதிரே உட்கார வைத்தோம். அவன் கேட்டான், அவர் ஒரு சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொன்னார். கடைசி நிமிடம் வரை கேட்ட பதிவு அது. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று அவனே நடுவில் சொன்னதை எடுத்துவிடச் சொன்னார்கள். நான் கெஞ்சி வைத்துக்கொண்டேன்.

ஓசூர் என்றால் தமிழ் மட்டும் போதாது. தெலுங்கு, கன்னடம் பேசுபவர்கள் உண்டு, வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் உண்டு. பாதுகாப்பு பற்றிய பதிவை அந்தந்த மொழிக்காரரையே பேச வைத்துத் தனித்தனியாக எடுக்க வேண்டும். மொழிபெயர்த்து ஒருவரே வாசித்தால் ரயில்வே அறிவிப்பு போல இருக்கும். மெஷின் பக்கத்தில் இயர்போன் கூடாது என்பதையும் முதல் பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.

சத்தம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெறும் சுவரும் டைல்ஸும் உள்ள முதலாளி அறையில் எதிரொலிக்கும், பதிவுக்கு ஆகாத இடம் அதுதான். துணிக் கடைக்காரர் என்றால் குடோனில் பீஸ் அடுக்குகளுக்கு நடுவே உட்காருங்கள், அதைவிட நல்ல ஸ்டுடியோவை நான் கட்டித் தர முடியாது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஃபேனை நிறுத்துங்கள். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். பத்து நொடி போட்டால் பரவாயில்லை என்று யாரோ கிளப்பிவிட்ட கதை இன்னும் உலவுகிறது, 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பத்து நொடி இல்லை.

சரி, சொட்டுநீர்க் கடைக்கு வருகிறேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்று முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். வாட்ஸாப்பில் கைமாறிப் போவதை எண்ண முடியாது. கல்லா நோட்டைத்தான் புரட்டினோம். கடைசிச் செடிக் கேள்வி குறைந்திருந்தது. அதற்குப் பதில், "கழுவிட்டேன், முனையும் திறந்து விட்டுட்டேன், அப்பவும் வரல" என்று ஆரம்பிக்கும் போன்கள் வர ஆரம்பித்திருந்தன.

ஆனால் முதலாளிக்கு வேறொரு கவலை முளைத்தது. சந்தையில் மெக்கானிக்கைப் பார்த்து, "ஃபில்டர் அண்ணன்தானே?" என்று குரலை வைத்தே அடையாளம் கண்டு பேசுகிறார்களாம். நாளைக்கு இவர் தனிக் கடை போட்டுவிட்டால்? நியாயமான பயம்தான், அதை நான் சிரித்துத் தள்ளவில்லை. அவர் போனாலும் பழைய பதிவுகள் கடையில் இருக்கலாம், புதிதாக எதற்கும் அவர் குரலைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பதிவு ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய் சம்பளத்துக்கு மேல் தனி. இந்த ஐந்நூறுக்கு முதலாளியைச் சம்மதிக்க வைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

போன மாதம் பதிவுக்குப் போனபோது மெக்கானிக் மைக்கைத் தானே சட்டையில் மாட்டிக்கொண்டார். "சார், இன்னிக்கு ஸ்டார்ட்டர் பெட்டி பத்திப் பேசலாமா? ஃபில்டர் பேசிப் பேசி எனக்கே அலுத்துப் போச்சு."