முதியவருக்குப் பெருங்குடல் புற்றுநோய்: வயதைவிட நலிவே முக்கியம்

கொழும்பின் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பெற்றோரை அழைத்துவரும் பிள்ளைகள், பெருங்குடலில் புற்றுநோய் உறுதியானதும் முதலில் கேட்பது, “இந்த வயதில் ஒப்பரேஷனைத் தாங்குவாரா, டொக்டர்?” என்பதையே. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பது உண்மை. ஆனாலும் எண்பது வயதிலும் கடைக்கு நடந்துபோய் வருபவர், எழுபதில் கதிரையை விட்டு எழவே துணை தேடுபவரைவிடச் சத்திரசிகிச்சையை நன்றாகத் தாங்குவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஆகவேதான் உடல் நலிவை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். மருந்துகளை ஒழுங்காக எடுப்பதற்கும் வெளியே போய் வருவதற்கும் பிறர் உதவி தேவைப்படத் தொடங்கினால், அது அநேகமாக 5ஆம் நிலை. அங்கிருந்து எங்கள் கவனம் பன்மடங்காகிறது.

வயதைக் காரணம் காட்டிச் சத்திரசிகிச்சையைத் தவிர்க்கும் குடும்பங்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கட்டி வளர்ந்து குடலை அடைத்தாலோ குடல் துளைபட்டாலோ, அதே சத்திரசிகிச்சையை நள்ளிரவில், நீரிழப்பும் கிருமித்தொற்றும் உள்ள உடலில் அவசரமாகச் செய்ய நேரிடும். முதியவர்களைப் பொறுத்தவரை திட்டமிட்ட சத்திரசிகிச்சையைவிட அதில் உயிராபத்து பல மடங்கு அதிகம். மலத்துடன் குருதி போவதை மூலநோய் என்றும், வலப்பக்கக் கட்டியின் மெதுவான கசிவால் வரும் குருதிச்சோகையை வயதுக் களைப்பு என்றும் எண்ணி மாதக்கணக்கில் காத்திருப்பதே பலரை அந்த நிலைக்குக் கொண்டுசெல்கிறது.

அடைப்போ கடும் குருதிப்பெருக்கோ இல்லாவிட்டால், சத்திரசிகிச்சைக்கு முன்னுள்ள இரண்டு முதல் நான்கு வாரங்கள் பெறுமதியானவை. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அதை நாளம் வழியாக ஏற்றலாம். புகைப்பதை நிறுத்தி, தினமும் நடந்து, மூச்சுப்பயிற்சி செய்தால் பின்னர் நுரையீரல் தொற்றும் குறையும். உணவுதான் நம் வீடுகளில் பெரிதும் பிழைக்கும் இடம்: நோய் தெரிந்த நாள் முதல் கஞ்சியும் ரசச்சோறுமாகிவிடுகிறது. சிறுநீரக நோய் இல்லாதவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை; 50 கிலோ எடையுள்ள தாயாருக்கு அது குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது ஏறத்தாழ 6 கிராமே என்பதால், மீன், பருப்பு, தயிர் எல்லாம் சேர வேண்டும். கிளினிக் கொப்பியையும் எல்லா மருந்துகளையும் கொண்டுவாருங்கள். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகளையும் சில நீரிழிவு மாத்திரைகளையும் முன்கூட்டியே நிறுத்த நேரலாம், ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கட்டியை அகற்றியபின் குடலின் இரு முனைகளையும் சேர்த்த இணைப்பு கசிந்தால், அதைத் தாங்கும் வலு நலிந்த உடலில் குறைவு. அதனாலேயே சிலருக்கு இணைப்பைத் தவிர்த்து, மலம் வெளியேற வயிற்றில் ஒரு திறப்பை அமைத்து, அதைச் சேகரிக்கப் பை பொருத்துகிறோம். சத்திரசிகிச்சைக்குப் பின் திடீர் மனக்குழப்பமும் முதியவர்களிடம் சாதாரணம். பெரும்பாலும் அது சில நாட்களில் தணியும். மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் கட்டிலருகே இருக்கட்டும். சிங்களம் தெரியாத அம்மாவோ அப்பாவோ கொழும்பு வார்ட்டில் தனித்திருந்தால் குழப்பம் மோசமாகும் என்பதால், தமிழில் பேச ஒருவர் அருகிருக்க அனுமதி கேளுங்கள்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தொலைபேசியில் முடிவெடுக்க, நோயாளிக்குத் தன் நோயின் பெயரே சொல்லப்படாதிருப்பதும் உண்டு. பையுடன் வாழச் சம்மதமா, நீண்ட காலம் வாழ்வதா பிறரைச் சாராமல் வாழ்வதா தனக்கு முக்கியம் என்பவற்றை அவரிடமே, முதல் சந்திப்பிலேயே, நாங்கள் கேட்டாக வேண்டும். அதற்கு முன் அவருக்கு உண்மையைச் சொல்ல எங்களை அனுமதியுங்கள்.