எழுத்தெல்லாம் தெரிகிறது, பார்வை போய்க்கொண்டிருக்கிறது

கண் பரிசோதனை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எழுத்துப் பலகைதான். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேலிருந்து கீழே வாசிப்போம். கடைசி வரியையும் வாசித்துவிட்டால் கண்ணில் கோளாறு இல்லை என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். பார்வை நரம்பைச் சாகடிக்கும் கிளாக்கோமா என்னும் கண்நோய் தொடங்கிவிட்ட பலரும் இந்தப் பரீட்சையில் வருடக்கணக்கில் பாஸ் ஆகிக்கொண்டே இருப்பார்கள். காரணம், பலகை சோதிப்பது நடுப்பார்வையை மட்டும். கிளாக்கோமா கை வைப்பது பெரும்பாலும் ஓரத்தில்.

கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீரோட்டம் நடக்கிறது. இது கண்ணீர் அல்ல. கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்னும் நிறத்திரைக்குப் பின்னால் ஒரு திசு, நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர் தெளிந்த நீரைச் சுரக்கிறது. அது கண்மணி வழியாக முன்னே வந்து, ரத்தக்குழாய் இல்லாத லென்ஸுக்கும், கண்ணின் முன்புறக் கண்ணாடித் திரையான கருவிழிக்கும் (கார்னியா) ஊட்டம் கொடுத்துவிட்டு, கருவிழியும் ஐரிஸும் சேரும் கோணத்தில் இருக்கிற சல்லடை போன்ற திசு வழியே வடிந்து ரத்தத்தில் கலந்துவிடும். சுரப்பதும் வடிவதும் ஒத்துப்போகும்வரை கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை (பாதரச மில்லிமீட்டரில்) நிற்கும். வடிகால் மந்தமானால் ஏறும். ரத்த அழுத்தம் வேறு, இது வேறு. "எனக்கு பிரஷர் நார்மல்தானே" என்பது இங்கே செல்லாது.

ஏறிய அழுத்தம் அடிப்பது கண்ணின் பின்பக்கத்தை. பார்வை நரம்பின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள், துளைகள் நிறைந்த ஒரு மெல்லிய தட்டின் ஊடாகத்தான் கண்ணை விட்டு வெளியேறுகின்றன. அழுத்தத்தில் அந்தத் தட்டு பின்னோக்கி வளைய, இழைகள் நசுங்கி ஒவ்வொன்றாகச் சாகும். செத்த இழை மறுபடி முளைக்காது. நேரே பார்ப்பதற்கான இழைகள் பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் என்பதால் பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல்கூடக் கோக்கலாம். பக்கத்தில் போன பார்வையும் கறுப்பாகத் தெரியாது. ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துக்கொள்ளும். மீதி ஓட்டையை மூளை அக்கம்பக்கக் காட்சியை வைத்து ஒட்டுப்போட்டுவிடும். வலியும் இருக்காது. பக்கவாட்டிலிருந்து வரும் பைக் திடீரென்று முளைத்ததுபோல் தெரிவது, நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வது, இறங்கும்போது படி தவறுவது என்று ஏதாவது தென்படும் நேரத்தில் நோய் நன்றாக முற்றியிருக்கும்.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டியவர்களிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. திறந்த கோண வகை என்னும் இந்த ஓசையில்லாத கிளாக்கோமா இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு, அதுவரை அப்படி ஒன்று இருப்பதே கண்டறியப்படவில்லை.

ஓசையோடு வரும் வகையும் உண்டு. கோணம் பிறவியிலேயே குறுகலாக இருப்பவர்களுக்கு, குறிப்பாகத் தூரப்பார்வைக்கும் ப்ளஸ் பவர் போடுபவர்களுக்கு, ஐரிஸ் முன்னே சாய்ந்து வடிகாலைச் சட்டென்று அடைத்துவிடலாம். கண் சிவந்து உயிர் போகிற வலி, பார்வை மங்கல், பல்பைச் சுற்றி வானவில் வளையம், கூடவே வாந்தி. வாந்தியையும் தலைவலியையும் பார்த்துப் பித்தம், ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுவதுதான் ஆபத்து. அன்றைக்கே அழுத்தத்தை இறக்காவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். கண்புரை "பழுக்கட்டும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாலும், லென்ஸ் ஊதி இதே அடைப்பு வரலாம்.

கிளாக்கோமா வரும் மூன்றாவது வழியை நாமே மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். கண் அரிப்புக்கு டாக்டர் என்றைக்கோ எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பது. சிவப்பு உடனே அடங்குவதால் நல்ல மருந்து என்று தோன்றும். சிலருக்கு உள்ளே வடிகால் அடைபடும். அலர்ஜி அரிப்பு உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இப்படிக் கொடுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம்.

சரி, யார் பார்த்துக்கொள்ள வேண்டும்? 40 தாண்டிய எல்லோரும். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் அதற்கும் முன்பே. அதிக மைனஸ் பவர், சர்க்கரை நோய், கண்ணில் பழைய அடி, ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் கணக்கில் சேரும். அழுத்தத்தை மட்டும் அளந்து "நார்மல்" என்று அனுப்பினால் போதாது, இயல்பான அழுத்தத்திலேயே நரம்பு தேய்பவர்கள் இருக்கிறார்கள். கோணத்தைப் பார்த்துவிட்டு, கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு நரம்பையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பார்வைப் பரப்புச் சோதனை: ஒரு கிண்ணத்துக்குள் நேரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, ஓரத்தில் மினுக்கும் ஒளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்துவது. அலுப்பான வேலைதான், ஆனால் மூளை போட்ட ஒட்டை அதுதான் பிரித்துக் காட்டும்.

சிகிச்சை இருப்பதைக் காப்பாற்றும், போனதைத் திருப்பாது. அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து விட்டால் பார்வை தெளிவானதாக எதுவும் தோன்றாது. அதனாலேயே பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலப்பது குறையும். ஆஸ்துமா இருப்பவர்கள் அதைக் கண் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இந்த மருந்துகளில் ஒன்றான டிமோலால் சொட்டு அவர்களுக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடலாம்.