சின்னமா, திருவுருவா?

அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க்கைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் "இணையச் சின்னமாக மாறிய நீதிபதி" என்ற தொடர் வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் சின்னம் என்றால் வீடும் சைக்கிளும்தான் முதலில் ஞாபகம் வரும். மனிசி எந்தக் கட்சியில் கேட்டவ என்று வாசகர் யோசித்தால் அவரில் பிழை சொல்ல ஏலாது.

மூலச்சொல் ஐகான். கிரேக்கத்தில் சாயல், உருவம் என்று பொருள். கீழைத் திருச்சபைகளில் வணங்கப்படும் புனிதர் ஓவியத்துக்குப் பெயராகி, பின்னர் கணினித் திரையின் சிறுபடத்துக்கும், ஊர் உலகம் கொண்டாடும் ஆளுக்கும் ஏறியது. கணினிக்குப் படவுரு என்ற சொல் இருக்கிறது, அதில் சண்டை இல்லை. ஆளுக்கு வரும்போதுதான் ஆளாளுக்கு ஒன்று.

சின்னம் ஏன் பொருந்தாது? சின்னம் தன்னைக் காட்டாது, வேறொன்றைச் சுட்டும். வீடு கட்சியைச் சுட்டுகிறது. அந்த வீட்டை ஒருவரும் கும்பிடுவதில்லை. நினைவுச் சின்னம் இறந்தவரைச் சுட்டுகிறது. ஐகானில் பார்ப்பவரின் பற்று அந்த உருவத்தின் மீதே தங்கிவிடும். இந்த வேறுபாடு போனால் சொல்லே போயிற்று. மரியாதைக்காகத் திரு சேர்த்துப் பார்ப்போம் என்றால் இன்னும் மோசம். திருச்சின்னம் கோயிலில் ஊதுகிற குழல். அரத்துறைத் தலத்தில் திருஞானசம்பந்தருக்கு முத்துச்சிவிகையோடும் முத்துக்குடையோடும் கிடைத்தது முத்துச்சின்னம். நீதியரசரை ஊதுகுழலாக்கும் மொழிபெயர்ப்பு நமக்கு வேண்டாம். அடையாளம் என்று எழுதுவோரும் உண்டு. அது அடையாள அட்டையோடு நிற்கட்டும். குறியீடு கவிதை விமர்சகர்களின் சொத்து, அவர்களிடமே இருக்கட்டும். 'கலாசார ஐகான்' என்று அப்படியே விடுகிறவர்கள் குறைந்தது பொய் சொல்லவில்லை.

திருவுரு என்பதே சரி. உரு என்றால் வடிவம். மந்திரத்தை 108 உரு செபிப்பது என்னும்போது அதுவே திரும்பச் சொல்லும் எண்ணிக்கை. பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் ஏற்றுவது உருப்போடுதல். இணையத் திருவுரு உருவாவதும் இந்த இரண்டாலும்தான்: ஒரு வடிவம், அதன் ஓயாத மறுபதிப்பு.

கின்ஸ்பர்க் விடயத்தில் இது நடந்த விதத்தைப் பாருங்கள். 2013 ஜூன் 25இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. வாக்களிப்பு விதிகளை மாற்ற எந்தெந்த மாநிலங்கள் முன்அனுமதி பெறவேண்டும் என்று வகுத்திருந்த, 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் பிரிவு அதில் வீழ்ந்தது. கின்ஸ்பர்க் எழுதியது, பெரும்பான்மைக்கு உடன்படாத மாறுபட்ட தீர்ப்பு. அந்த ஏற்பாடு பயன் தருகிறது என்பதற்காகவே அதைத் தூக்கி எறிவது, நனையவில்லையே என்று மழைக்குள் குடையை எறிவது போன்றது என்றார். நியூயோர்க்கில் ஒரு சட்ட மாணவி இதைக் கொண்டு டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளத்தில் ஒரு பக்கத்தைத் தொடங்கினார். பிறகு படங்கள், ரீசேட்டுகள், கோப்பைகள், 2015இல் புத்தகம், 2018இல் ஆவணப்படம். மூக்குக்கண்ணாடி, பின்னால் இழுத்துக் கட்டிய தலைமுடி, கறுப்பு அங்கிக்கு மேல் கழுத்துப்பட்டி: இந்த மூன்றையும் கீறினால் போதும், முகம் வரையத் தேவையில்லை. மஞ்சளில் பிடித்து அறுகம்புல் குத்தினால் பிள்ளையார் வந்துவிடுவது மாதிரி. கழுத்துப்பட்டியிலும் கணக்கு இருந்தது. மாறுபட்ட தீர்ப்பு வாசிக்கும் நாளுக்குக் கற்கள் பதித்த கறுப்பு நிறப் பட்டி, பெரும்பான்மைத் தீர்ப்புக்கு மஞ்சள் சாயலில் வேறொன்று. சட்டம் அறியாதவரும் கழுத்தைப் பார்த்துத் தீர்ப்பை ஊகிக்கலாம். மாறுபட்ட தீர்ப்பை 'அதிருப்தித் தீர்ப்பு' என்று எழுதுவோருக்கு ஒரு வார்த்தை: அதிருப்தி மனநிலை, தீர்ப்பு சட்ட நியாயம்.

அந்த மாணவி வைத்த பட்டப்பெயரையும் தமிழில் கெடுத்துவிட்டார்கள். ஆர்.பி.ஜி. நீதியரசரின் பெயரின் முதலெழுத்துகள், நொட்டோரியஸ் என்றால் கெட்ட பெயர் எடுத்த என்று பொருள். 'நொட்டோரியஸ் ஆர்.பி.ஜி.' என்பது 1997இல் சுட்டுக்கொல்லப்பட்ட ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் பெயரில் விளையாடியது. இருவரும் புரூக்ளின்காரர், நீதியரசரே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இதற்குப் 'பேர்போன ஆர்.பி.ஜி.' என்று எழுதுகிறார்கள். பருத்தித்துறை வடையும் பேர்போனதுதான். 80 வயது, மெல்லிய உடம்பு, லேஸ் பட்டி. அந்த ஆளுக்குச் சண்டியன் பெயர் என்பதுதான் பகிடி. பேர்போன என்றதும் பகிடி செத்துவிடும். 'பிரபல' இன்னும் சப்பை. நம் பேச்சில் சொல் தயாராக இருக்கிறது: "அவ பொல்லாத மனிசி." பயமும் மெச்சுதலும் ஒரே மூச்சில் வரும். பொல்லாத ஆர்.பி.ஜி. என்று எழுதுங்கள்.

தமிழகச் செய்தியை வெட்டி ஒட்டுவோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அவர்களுடைய உச்ச நீதிமன்றம் இலங்கையில் நமக்கு உயர் நீதிமன்றம். அவர்களுடைய உயர் நீதிமன்றத்துக்கு நேரானது நம் மேல் நீதிமன்றம் அல்ல, அதிகாரமும் வேறு. உயர் நீதிமன்றத்தில் இருப்பவர் நீதியரசர், மேல் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் நீதிபதி, நீதவான் நீதிமன்றத்தில் நீதவான். கின்ஸ்பர்க்கை நீதிபதி என்று எழுதுவது நம் வழக்கில் படி இறக்கம்.

நம் உயர் நீதிமன்ற நீதியரசர் 65 வயதில் ஓய்வு பெறவேண்டும். அமெரிக்காவில் ஆயுட்காலப் பதவி. ஒத்த கருத்துள்ளவர் அந்த இடத்துக்கு வரட்டும், ஒபாமா காலத்திலேயே விலகுங்கள் என்று சிலர் கேட்டும் கின்ஸ்பர்க் விலகவில்லை. 2020 செப்டெம்பர் 18இல், 87 வயதில், பதவியிலேயே இறந்தார். அடுத்த மாதமே ட்ரம்ப் நியமித்த ஏமி கோனி பரட் அந்த இடத்துக்கு வந்தார். கொண்டாட்டம் கூடியதால்தான் விலகச் சொன்னவர்களின் குரல் எடுபடவில்லை என்ற குற்றச்சாட்டு அதன்பின் பலமாக எழுந்தது. நம் விமர்சகர்கள் திருவுருவாக்கம் என்ற சொல்லைக் கண்டனமாகவே பயன்படுத்துவார்கள். கொண்டாடுவோருக்கும் குற்றஞ்சாட்டுவோருக்கும் அந்த ஒரே சொல் போதும்.