விருத்தி: குறைந்தாலும் விருத்திதான்

தம்பலகாமத்து நெல் மூட்டைகளை வைத்து ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். களஞ்சியத்தில் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடி வரிசையில் 14 மூட்டைகள். அதன்மேல் 13, அதன்மேல் 12. இப்படியே வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து உச்சியில் 6. மொத்தம் எத்தனை மூட்டைகள்? பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய கணக்கல்ல. திருகோணமலையில் மாலை வகுப்பு என்றால் வீட்டு விறாந்தைதான். படலையைத் திறந்து விட்டால் கோட்டைப் பக்கமிருந்து மான் வந்து எட்டிப் பார்க்கும். கொப்பியைக் கீழே வைத்தால் அதன் வாய்க்குப் போய்விடும்.

எல்லோரும் எழுதத் தொடங்க, ஒரு பிள்ளை மட்டும் பேனையை மூடி வைத்துவிட்டாள்.

“சேர், இது குறைந்துகொண்டுதானே போகிறது? பிறகு எப்படிக் கூட்டல் விருத்தி என்று எழுதுவது? விருத்தி என்றால் வளர்ச்சி அல்லவா?”

கேள்வி சரியான கேள்வி. இருபது ஆண்டுகளாக அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவரும் எனக்கு அது தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

இலங்கைப் பாடநூல்களில் சிறு வகுப்பில் இதற்கு எண் கோலம் என்று பெயர். வாசலில் போடும் கோலத்தை நினைவூட்டும் அழகான பெயர் அது. வகுப்பு ஏறும்போது கோலம் போய் விருத்தி வந்துவிடுகிறது. அடுத்தடுத்த எண்களுக்கிடையே ஒரே வித்தியாசம் இருந்தால் கூட்டல் விருத்தி. ஒரே விகிதம் இருந்தால் பெருக்கல் விருத்தி.

விருத்தி வடசொல். வளர்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. வளர்ந்து முதிர்ந்தவர் விருத்தர். அந்த வழியில்தான் முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது. ஊரில் அன்றாடம் காதில் விழும் அபிவிருத்தி இதன் நெருங்கிய உறவு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வரும் பெற்றோர் எவரும் அகராதி பார்த்துவிட்டு வருவதில்லை. வடமொழி இலக்கணத்திலும் விருத்தி பெரிய இடத்தில் இருக்கிறது: பாணினியின் சூத்திரங்களில் முதல் சொல்லே அதுதான். உயிரெழுத்து வளர்வதை அங்கே விருத்தி என்பார்கள். சிவ என்பது சைவ ஆவதும், விஷ்ணு என்பதிலிருந்து வைஷ்ணவ பிறப்பதும் அந்த விருத்தியால்தான்.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. வடமொழியில் வெவ்வேறாக ஒலிக்கும் இரண்டு சொற்கள் இங்கே விருத்தி என்ற ஒரே வடிவத்துக்குள் வந்து குடியிருக்கின்றன. ஒன்று வளர்ச்சி. மற்றது ஒழுகலாறு, பிழைப்பு, விரிந்த உரை என்ற பொருள்களைத் தரும் வேறு வேர்ச் சொல். நன்னூல் உரைகளை வகைப்படுத்தும்போது காண்டிகையுரை, விருத்தியுரை என்கிறதே, அந்த விருத்தி இரண்டாவது வீட்டைச் சேர்ந்தது. “விரிவாக வளர்த்து எழுதுவதால் விருத்தியுரை” என்று மேடைகளில் விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. வேர் மட்டும் அதுவல்ல. கணக்கில் வருவது முதல் வீட்டு விருத்தி, வளர்ச்சி. ஆகவே அந்தப் பிள்ளை சொன்ன பொருளில் பிழை இல்லை.

நெல் மூட்டைக்கு வருவோம். அவளிடம் பொது வித்தியாசத்தைக் கேட்டேன். 13இலிருந்து 14ஐக் கழித்துப் பார்த்துவிட்டு, “சய ஒன்று” என்றாள். இங்கே சக என்றால் கூட்டல் அடையாளம், சய என்றால் கழித்தல் அடையாளம். தமிழகத்து வாசகருக்கு இந்தச் சய புதிதாக இருக்கலாம். சயரோகத்தில் உடம்பு தேய்கிறதே, அதே சயம்: தேய்வு. வடமொழியில் விருத்திக்கு எதிர்ச்சொல் தேடினால் கிடைப்பதும் இதுதான். வளர்பிறைக்கு விருத்தி, தேய்பிறைக்கு க்ஷயம். பிள்ளை கேட்ட தேய்வு பெயரில் இல்லாவிட்டாலும் அவளே வாயால் சொன்ன விடைக்குள் வந்துவிட்டது. விருத்தியின் பொது வித்தியாசம் சய ஒன்று என்றால், வளர்ச்சியின் அளவு ஒரு தேய்வு என்று பொருள். சொல்லளவில் வேடிக்கை. கணக்களவில் குற்றமே இல்லை. குறைவதும் எதிர்த்திசையில் கூட்டுவதுதான். அடுக்கை உச்சியிலிருந்து எண்ணினால் 6, 7, 8 என்று விருத்தி தன் பெயருக்கு ஏற்றபடியே ஏறும். மூட்டைகள் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதே மூட்டைகள்தாமே.

விடைக்கு முன் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: எத்தனை வரிசை? 14இலிருந்து 6ஐக் கழித்து 8 என்று பாதி வகுப்பு எழுதும். கையை விரித்துப் பார்க்கச் சொல்வேன். விரல் ஐந்து, விரலுக்கிடையே உள்ள இடைவெளி நான்கு. கழித்து வந்த 8 இடைவெளிகளின் எண்ணிக்கை, வரிசைகள் 9. உறுப்பு என்ற கலைச்சொல் எனக்குப் பிடித்துப்போனது இந்தக் காரணத்தால்தான். விரலும் உறுப்பு, விருத்தியில் நிற்கும் எண்ணும் உறுப்பு. ஒன்பதாம் உறுப்பைக் காண முதல் உறுப்போடு பொது வித்தியாசத்தை எட்டு முறைதான் கூட்ட வேண்டும். பாடநூல் வாய்பாட்டில் உறுப்பு எண்ணிலிருந்து ஒன்று குறைப்பது இதற்காகத்தான். இதைப் புரியாமல் மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சை மண்டபத்தில் அந்த ஒன்றைத் தொலைத்துவிட்டு வருவார்கள்.

மொத்தம் காண முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டினால் 20. பாதி 10. ஒன்பது வரிசைக்கு 90 மூட்டைகள். அடுக்கின் நடு வரிசையைப் போய் எண்ணிப் பாருங்கள், அதில் சரியாக 10 மூட்டைகள்தான் இருக்கும். 1150இல் எழுதப்பட்ட பாஸ்கராச்சாரியாரின் லீலாவதி இந்த வழியைத்தான் சொல்கிறது. நடு உறுப்பை மத்தியதனம் என்றும் கூட்டுத்தொகையைச் சர்வதனம் என்றும் அது பெயரிடுகிறது. நடு, கடைசி, கூட்டுத்தொகை எல்லாவற்றையும் தனம் என்றே அழைப்பதைப் பார்த்தால், கணக்குப் போட்டவர்களின் கண் எங்கே இருந்தது என்று தெரிகிறது.

அந்த நூலில் இந்தப் பகுதிக்கு விருத்தி என்று பெயர் இல்லை. சிரேடி என்று பெயர். சிங்கள மொழிப் பாடநூல்கள் இன்றும் அந்தச் சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன: கூட்டல் விருத்திக்குச் சமாந்தர சிரேடி, பெருக்கல் விருத்திக்குக் குணோத்தர சிரேடி. எங்கள் ஒழுங்கையில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே கணக்கை வேறு வேறு பெயரில் போடுகிறார்கள். இரண்டு பெயரிலும் வடமொழி உண்டு. ஆனால் கூட்டல், பெருக்கல் என்ற முற்பாதி எங்களுக்கு வாய்த்தது போல அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அந்த முற்பாதியில்தான் கணக்கே இருக்கிறது என்பது என் எண்ணம். 3, 6 என்று இரண்டு எண்களைக் கொடுத்து அடுத்தது என்ன என்று கேட்டால் விடை கிடையாது. 3ஐக் கூட்டினால் 9 வரும். 2ஆல் பெருக்கினால் 12 வரும். மூன்றாவது எண்ணைப் பார்த்த பிறகுதான் பெயர் வைக்க முடியும். பெயர் வைத்துவிட்டால் செய்ய வேண்டியதைப் பெயரே சொல்கிறது. 3, 6, 12 என்று போகும் வரிசையில் 384 எத்தனையாவது உறுப்பு? பெருக்கல் என்பதால் எதிர்ச்செயல் வகுத்தல். 384ஐ முதல் உறுப்பால் வகுத்தால் 128. அது ஏழு இரண்டுகளின் பெருக்கம். ஏழு பெருக்கல்கள் என்றால் எட்டாம் உறுப்பு; இங்கும் அதே விரலும் இடைவெளியும்தான்.

கூட்டுத்தொகைக்கு ஒரு சிறு தந்திரம். முழு வரிசையையும் இரண்டால் பெருக்கிக் கீழே எழுதுங்கள்: 6, 12 என்று தொடங்கி 768இல் முடியும். கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசையைக் கழித்தால் நடுவில் இருப்பவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, 768உம் 3உம் மட்டும் எஞ்சும். விடை 765. வாய்பாடு மறந்துபோன நாளில் இது கை கொடுக்கும்.

ஆங்கிலத்தில் இந்தப் பெருக்கல் விருத்தியைக் கேத்திரகணித (வடிவியல்) விருத்தி என்ற பொருளில் அழைக்கிறார்கள். வடிவங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் குழம்புவார்கள். 2, 6, 18ஐ எடுங்கள். 2 அகலமும் 18 நீளமும் உள்ள செவ்வகத்தின் பரப்பளவு 36. அதே பரப்பளவுள்ள சதுரத்தின் பக்கம் 6. நடு உறுப்பு அங்கே சதுரமாக உட்கார்ந்திருக்கிறது. பழைய கிரேக்கர்கள் கண்ட உறவு இது. கண்டது அழகு, ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கைச் செய்ய முடியாது.

இனி நாம் மறந்துபோன, விருத்தியின் உடன்பிறப்பு ஒன்று. வடமொழியில் விருத்தி என்றால் கடனுக்குரிய வட்டி என்றும் பொருள். பிராகிருதத்தில் அது வட்டி என்பதற்கு மிக அருகில் ஒலித்தது. தமிழ் வட்டி அந்த வழியில் வந்தது என்பது அறிஞர் பலர் கொள்ளும் கருத்து. அப்படியானால் வட்டியும் விருத்தியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. மற்றது அடகுக் கடைக்குப் போயிற்று.

ஒரு நகையை வைத்து 10,000 ரூபாய் வாங்குகிறீர்கள், ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வையுங்கள். எளிய வட்டியானால் கடன் 11,000, 12,000, 13,000 என்று ஏறும். ஆண்டுதோறும் அதே 1,000 கூடுகிறது. இது சுத்தமான கூட்டல் விருத்தி. வட்டிக்கும் வட்டி என்றால் 11,000, 12,100, 13,310. இங்கே ஒவ்வோர் ஆண்டும் 1.1ஆல் பெருக்குகிறோம், பெருக்கல் விருத்தி. முதல் ஆண்டில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ஆட்கள் ஏமாறுவது அந்த ஓராண்டைப் பார்த்துத்தான். பத்து ஆண்டு முடிவில் எளிய வட்டியில் 20,000 நிற்கும் இடத்தில் மற்றது 25,937ஐத் தாண்டி நிற்கும்.

இந்த இரண்டாவது வட்டிக்குத் தமிழில் என்ன பெயர்? கூட்டு வட்டி. பெருக்கல் விருத்தியாக ஓடுவதற்குப் பெயர் கூட்டு! கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் கவிழ்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன். கூட்டு என்ற சொல்லைக் கண்டதும் கூட்டல் விருத்தி வாய்பாட்டை எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டு, முதலோடு வட்டி கூட்டுச் சேர்வது. கூட்டுக் குடும்பத்தில் வரும் கூட்டு அது. கூட்டிக் கணக்குப் பார்க்கும் கூட்டல் அல்ல. பெருக்கு வட்டி என்று பெயர் வைத்திருந்தால் எத்தனையோ பேரின் புள்ளிகளும் சிலருடைய நகைகளும் தப்பியிருக்கும்.

தமிழகத்தில் இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி கூட. அங்கே கூட்டல் விருத்திக்குக் கூட்டுத் தொடர்வரிசை என்று பெயர், மற்றதற்குப் பெருக்குத் தொடர்வரிசை. கூட்டு வட்டியும் கூட்டுத் தொடர்வரிசையும் ஒரே சொல்லை அணிந்துகொண்டு எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் அதை விட்டுவிட்டால், தொடர்வரிசை நல்ல தமிழ். ஏறும் என்றோ இறங்கும் என்றோ அது வாக்குக் கொடுப்பதில்லை. என் வகுப்புப் பிள்ளையின் கேள்வி மதுரையில் எழுந்திருக்காது.

தொடர்வரிசையையும் தொடரையும் அங்கே தெளிவாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். எண்கள் காற்புள்ளி இட்டு ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் தொடர்வரிசை. அவற்றுக்கிடையே கூட்டல் அடையாளம் வந்து ஒரே தொகையை நோக்கிக் கோத்துவிட்டால் தொடர். இலக்கணத்தில் தனிச் சொற்கள் இணைந்து ஒரு பொருள் தருவதைத் தொடர் என்கிறோமே, அதுபோல. 64, 32, 16, 8 என்று பாதி பாதியாகக் குறையும் எண்கள் தொடர்வரிசை. அவற்றை முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் வருவது தொடர். அதன் கூட்டுத்தொகை 128ஐ எட்டும், தாண்டாது. குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போகும் இதற்கும் இலங்கையில் பெருக்கல் விருத்தி என்றுதான் பெயர்.

விருத்திக்குச் சரியான தமிழ் எது என்று கேட்டால், வளர்ச்சி என்று நேராகப் பெயர்க்கக் கூடாது என்பேன். பழைய கோளாறு அப்படியே தமிழுக்கு வந்து சேரும். தொடர்வரிசை பொருந்துகிறது. அதிலும் கூட்டு என்பதை விட எங்கள் கூட்டல் என்ற வடிவத்தை முன்னே வைத்துக் கூட்டல் தொடர்வரிசை, பெருக்கல் தொடர்வரிசை என்றால் வட்டிக் குழப்பமும் தீரும். இரண்டு கரையிலிருந்தும் பாதி பாதி எடுத்த சொல் அது. பரீட்சைத் தாளில் மட்டும் விருத்தி என்றே எழுத வேண்டும். புள்ளி போடுகிறவர் எதிர்பார்ப்பது அதைத்தான்.

அன்று அந்தப் பிள்ளை கடைசியில் விடை எழுதினாள். முதல் உறுப்பு 6, பொது வித்தியாசம் சக ஒன்று என்று. அடுக்கை உச்சியிலிருந்தே எண்ணியிருந்தாள். கீழே 90 மூட்டைகள், இரண்டு கோடு.